ஐந்து விழுக்காடு

2023 ஆகஸ்டில் ஒரு நள்ளிரவு. பினாங்கு பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்யும் ஆலைக்குப் பின்னால் இருக்கும் மாமாக் கடையில் நானும் ஒரு நண்பனும் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தோம். அவன் லிவர்பூல் ரசிகன். மலேசியத் தமிழர்களில் லிவர்பூலும் இல்லாத, மென்செஸ்டர் யுனைடெட்டும் இல்லாத ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அப்பா எந்தக் கட்சியோ அதே கட்சி என்பதைப்போல, அப்பா எந்தக் கிளப்போ அதே கிளப். அன்றைக்கு அவன் கடும் கோபத்தில் இருந்தான். மொய்செஸ் கைசெதோ என்ற 21 வயது எக்குவடோர் ஆட்டக்காரரை வாங்க லிவர்பூல் சுமார் 11 கோடி பவுண்ட் கொடுக்கத் தயாராக இருந்தது. அவரோ செல்சிக்குத்தான் போவேன் என்று போய்விட்டார். விற்றது என்னுடைய கிளப், பிரைட்டன். 10 கோடி பவுண்ட், சில நிபந்தனைகள் நிறைவேறினால் மேலும் ஒன்றரைக் கோடி. எல்லாவற்றையும் கூட்டினால் அதுவரை பிரிட்டனில் எந்த ஆட்டக்காரருக்கும் பேசப்படாத தொகை.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். 2021 பிப்ரவரியில் அவரை நாங்கள் வாங்கிய விலை சுமார் 45 லட்சம் பவுண்ட்தான். இரண்டரை ஆண்டில் இருபது மடங்குக்கு மேல்! நானே விற்றதுபோல ஒரு பெருமை.

நண்பன் என்னைப் பார்த்துச் சொன்னான்: "ஒங்களுது ஒரு கிளப்பாடா? சூப்பர்மார்க்கெட். நல்ல சாமானா பாத்து அடுக்கி வைப்பீங்க, பெரிய வீட்டுக்காரன் வந்து தள்ளுவண்டியில போட்டுக்கிட்டுப் போவான். நீ என்னா, விலைச்சீட்டப் பாத்து கைதட்டுறியா?"

விளையாட்டுப் பேச்சுத்தான். ஆனால் இரண்டு ஆண்டாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை. போன மாதம் எனக்கே சிங்கப்பூரிலிருந்து ஒரு வேலைக் கடிதம் வந்த பிறகு, அது வேறு மாதிரி கேட்க ஆரம்பித்திருக்கிறது.

நான் பிரைட்டன் ரசிகன் ஆனதற்கு உயர்ந்த காரணம் எதுவும் கிடையாது. பல்கலைக்கழக விடுதியில் ஃபுட்பால் மேனேஜர் விளையாட்டை மடிக்கணினியில் ஏற்றி வைத்திருந்தோம். பெரிய கிளப்புகளை சீனியர்கள் எடுத்துக்கொண்டார்கள். மிச்சமிருந்ததில் பிரைட்டன் ஒன்று. தென் அமெரிக்காவில் யாருக்கும் தெரியாத 17 வயதுப் பையன்களை வாங்கி, வளர்த்து, மூன்று பருவத்தில் விற்று, அந்தக் காசில் இன்னும் ஐந்து பையன்களை வாங்குவேன். தூக்கம் கெடும் அளவுக்கு அதில் ஒரு இன்பம் இருந்தது. பிறகுதான் தெரிந்தது, உண்மையான பிரைட்டனும் கிட்டத்தட்ட அதையேதான் செய்துகொண்டிருக்கிறது என்று. உரிமையாளர் டோனி ப்ளூம் புள்ளிவிவரக் கணக்கைக் கொண்டு பந்தயத் தொழிலில் பணம் சேர்த்தவர். அதே மாதிரிக் கணக்கோடு உலகின் ஓரங்களில் ஆட்டக்காரர்களைத் தேடுகிறார்கள். குக்குரேயாவை 2021இல் வாங்கி மறு ஆண்டே மூன்று மடங்குக்கு மேல் விலை வைத்துச் செல்சிக்கு விற்றார்கள். மெக் அலிஸ்டரை என் நண்பனின் லிவர்பூலுக்கே விற்றார்கள். பயிற்சியாளர் கிரஹாம் பாட்டரையும் 2022 செப்டம்பரில் செல்சி இழப்பீடு கொடுத்துக் கொண்டுபோனது. அந்தப் பருவத்தைத்தான் பிரைட்டன் ஆறாம் இடத்தில் முடித்து, தன் வரலாற்றில் முதல் முறையாக ஐரோப்பியப் போட்டிக்குப் போனது. ஆளை இழக்க இழக்க மேலே ஏறுகிற ஒரு கிளப். யார் போனாலும் அந்த இடத்துக்கு அடுத்தது யார் என்ற பட்டியல் முன்பே தயாராக இருக்குமாம். கைசெதோ போன அதே மாதத்தில் கார்லோஸ் பலேபா வந்து இறங்கிவிட்டார்.

இங்கேதான் எனக்கு முதல் நெருடல். காண்ட் 1785இல் எழுதிய அறவியல் நூலில் ஒரு பிரிவினை செய்கிறார். எந்தப் பொருளுக்கும் ஒன்று விலை இருக்கும், அல்லது மாண்பு இருக்கும். விலை உள்ளதன் இடத்தில் அதற்குச் சமமான இன்னொன்றை வைத்துவிடலாம். மாண்பு உள்ளதற்கு ஈடு கிடையாது. மனிதனை வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே என்று அவர் சொல்வதும் அங்கிருந்துதான் வருகிறது. "வெறும்", "மட்டும்" என்ற சொற்களை நாம் கவனிக்க வேண்டும். கருவியாக நடத்தவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. நானும் ரொட்டி சானாய் போடுபவரைக் கருவியாகத்தான் அணுகுகிறேன், அவர் என்னைக் கல்லாப்பெட்டியாக. அதில் தப்பில்லை. ஆனால் ஒரு கிளப்பின் முழுத் திட்டமுமே யாருக்கும் மாற்று உண்டு என்ற எண்ணத்தின்மேல் கட்டப்பட்டிருந்தால், அதை ரசிக்கும் நான் எதை ரசிக்கிறேன்?

கைசெதோ விஷயத்தில் நடந்ததை வரிசையாகப் பார்க்கலாம். 2023 ஜனவரியில் அவரை அர்செனல் கேட்டது. அவர் தன் சமூக ஊடகப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார். சாந்தோ டொமிங்கோவில் ஏழ்மையில் வளர்ந்தவன், பத்துப் பிள்ளைகளில் கடைசி, இந்த வாய்ப்பை ஏற்க அனுமதியுங்கள் என்பது அதன் சாரம். கிளப் மறுத்துவிட்டது. கொஞ்ச நாள் விடுப்பில் இரு என்று அனுப்பியது. மார்ச்சில் சம்பளத்தை உயர்த்திப் புதிய ஒப்பந்தம் போட்டது. ஆகஸ்டில் விற்றது. ஜனவரிக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில் அந்தப் பையனின் ஆசை மாறவில்லை, குடும்பம் மாறவில்லை. எண் ஒன்றுதான் மாறியது. ஜனவரியில் சொன்ன "முடியாது" பாசத்தால் வந்ததில்லை என்றால், ஆகஸ்டில் சொன்ன "சரி" மட்டும் எப்படிக் கருணையாகும்?

ஆனால் இதை முழுவதும் அப்படிச் சொல்லி முடிக்கவும் முடியவில்லை. கடைசியில் லிவர்பூலா செல்சியா என்று வந்தபோது முடிவு செய்தது கைசெதோதான். கிளப் லிவர்பூலின் விலைக்கு ஒப்புக்கொண்ட பிறகும் அவர் மறுத்தார். அவரை மீறி யாராலும் விற்க முடியவில்லை. எப்போதும் இப்படி இருந்ததில்லை. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரனின் பதிவைக் கிளப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். சம்பளமும் தர வேண்டியதில்லை, வேறு கிளப்பிலும் ஆட முடியாது. ஜார்ஜ் ஈஸ்தம் நீதிமன்றம் போய் 1963இல் அதை உடைத்தார். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரனுக்கும் விலை கேட்கும் பழக்கத்தை 1995 டிசம்பரில் பெல்ஜியத்துக்காரர் போஸ்மனின் வழக்கு ஐரோப்பாவில் முடித்து வைத்தது.

அந்தப் பழைய முறையைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது இங்கிலாந்து இல்லை, இலங்கை. அங்கே தேயிலைத் தோட்டங்களில் "துண்டு" என்று ஒன்று இருந்தது. கங்காணியும் அவர் கூட்டத்து ஆட்களும் தோட்டத்துக்குக் கடன்பட்டிருப்பார்கள். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் துரை ஒரு துண்டுத் தாள் எழுதிக் கொடுக்க வேண்டும்: இந்தக் கூட்டத்தின் கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று. புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கட்டிய தொகை ஆட்கள் தலையில் புதுக்கடனாக ஏறும். 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். இதற்கு இன்றைய காற்பந்துப் பெயர் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு பெரிய வித்தியாசம். விலை ஏறினால் கைசெதோவுக்குச் சம்பளம் ஏறுகிறது. துண்டில் விலை ஏறினால் ஆளுக்குக் கடன் ஏறியது.

மலாயாவில் துண்டு முறை வேரூன்றவில்லை. ஆனால் அதே தலைவலி இங்கேயும் இருந்தது. கப்பல் செலவு செய்து தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவருவது ஒரு தோட்டம். பத்துக் காசு கூடத் தருகிறேன் என்று ஆசைகாட்டி இழுத்துக்கொள்வது பக்கத்துத் தோட்டம். அதனால் 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை உண்டாக்கினார்கள். தமிழ்க் கூலிகளை வைத்திருக்கும் எல்லா முதலாளியும் வேலை நாள் கணக்குப்படி அதில் பணம் கட்ட வேண்டும், அதிலிருந்து கப்பல் செலவு போகும். ஆளைக் கொண்டுவந்தவனுக்கும் இழுத்துக்கொண்டவனுக்கும் சமமான சுமை. கங்காணி தன் சொந்தக் கிராமத்துக்கே போய் ஆள் பொறுக்கினார். அந்த ஆள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. உலகின் ஓரங்களில் ஆள் தேடும் வேலை பிரைட்டனின் கண்டுபிடிப்பு என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். எங்கள் கொள்ளுத்தாத்தாவை நாமக்கல் பக்கம் ஒருத்தர் அப்படித்தான் கண்டுபிடித்தார்.

கேமரன் மலையின் தேயிலைக்கு அதிக வயதில்லை. வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885இல் இந்த மேட்டுநிலத்தைப் பற்றி எழுதினார். ரஸ்ஸல் என்பவர், இலங்கையில் தேயிலை வளர்த்த மில்னே என்பவரைச் சேர்த்துக்கொண்டு 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். மற்ற தோட்டங்களும் பின்னால் வந்தன. நான் பிறந்த தோட்டத்தின் பெயர் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. மலைச்சரிவில் லயன், கீழே ஆலை, ஆலைக்கும் கீழே ஒரு சின்ன சமதரை. அதுதான் திடல். மாலை நான்கு மணிக்கு மேல் பனி இறங்கினால் எதிர் கோல் கம்பம் தெரியாது. பந்தை உயரமாக உதைத்தால் தேயிலை நிரைக்குள் உருண்டு போய்விடும், உதைத்தவன்தான் எடுத்துவர வேண்டும். அந்த மலையில் வளர்ந்தவனுக்குத் தரைப்பந்து ஆட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் கொழுந்து லாரி ஓட்டிய ஒருவர். எங்கள் எல்லோருக்கும் மாமா. காலில் ரப்பர் பூட்ஸ், வாயில் விசில். ஒன்பது வயதிலிருந்து எஸ்.பி.எம். எழுதும்வரை நான் அவர் அணியில் இடது பக்கம் ஆடினேன். ரிங்லெட் காய்கறித் தோட்டத்துப் பையன்கள், ஓராங் அஸ்லி கிராமத்துப் பையன்கள், தானா ராத்தா பையன்கள் எல்லோரோடும் மோதியிருக்கிறோம். ஆனால் எந்த ஆண்டும் முழு அணி அவருக்கு நிலைத்ததில்லை. நன்றாக ஆடுகிறவன் விளையாட்டுப் பள்ளிக்குப் போவான். நன்றாகப் படிக்கிறவன் விடுதிப் பள்ளிக்குப் போவான். இரண்டும் இல்லாதவன் பரீட்சை முடிந்த மறுவாரம் ஜோகூர் பஸ் ஏறி சிங்கப்பூர் ஆலைக்குப் போவான். ஒரு தடவை எங்கள் கோல்கீப்பர் போனபோது நாங்கள் அழாத குறை. மாமா கோன்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "போறவன் போவட்டும்டா. நாலாம் வகுப்புல யாரு கை நீளமா இருக்கான்னு பாருங்க."

அன்றைக்கு எனக்கு அது ஈவிரக்கமில்லாத பேச்சாகப் பட்டது. இன்றைக்கு, பிரைட்டன் நிர்வாகிகளின் பேட்டிகளைப் படிக்கும்போது, அதே வாக்கியத்தை நல்ல கோட்டு போட்டுச் சொல்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஆனால் மாமா சொன்னதில் இன்னொன்றும் இருந்தது. அவர் யாரையும் நிறுத்தி வைக்கப் பார்த்ததே இல்லை. என் மெட்ரிகுலேஷன் கடிதம் வந்த அன்று, கோயில் கமிட்டியில் பேசி 600 வெள்ளி சேர்த்துக் கொடுத்தவர் அவர்தான். அணியின் இடது பக்கத்தைத் தானே காலியாக்கிக்கொண்டார்.

பிள்ளைகளைப் போகச்செய்வதற்காகவே வளர்க்கும் இடம் என்று ஒன்று உண்டு. எல்லாத் தோட்டமும் அப்படித்தான் இருந்தது. லயத்தில் எந்த அம்மாவும் தன் மகன் கொழுந்து பறிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டதில்லை. "படிச்சு வெளிய போயிரு" என்பதுதான் எங்கள் தாலாட்டு. அப்படியென்றால் நான் போனதில் துரோகம் ஒன்றும் இல்லை. போகச்சொல்லித்தான் வளர்த்தார்கள். கைசெதோவையும் அவருடைய பழைய கிளப் இண்டிபெண்டியண்டே டெல் வாயே போகத்தான் வளர்த்தது. பிறகு ஏன் எனக்குள் இந்தக் கடன் உணர்ச்சி?

இந்த இடத்தில் எஞ்சினியர் புத்தி வேலை செய்தது. ஃபீஃபாவில் ஒரு விதி இருக்கிறது. ஒப்பந்தக் காலத்துக்குள் ஓர் ஆட்டக்காரர் நாடு விட்டு நாடு விற்கப்பட்டால், அந்தத் தொகையில் 5 விழுக்காட்டை அவரை 12 முதல் 23 வயதுவரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். 12 முதல் 15 வயதுவரை ஆண்டுக்குக் கால் விழுக்காடு. 16 முதல் 23 வரை ஆண்டுக்கு அரை விழுக்காடு. மொத்தம் ஐந்து. ஏதோ ஒரு ஊரில் மண் திடல் வைத்திருக்கும் சின்ன கிளப்புக்குப் பத்து ஆண்டு கழித்து திடீரென்று பணம் வரும். காற்பந்து உலகில் நான் மனமார மதிக்கும் விதிகளில் இது ஒன்று. 1907இன் நிதியை உண்டாக்கியவர்கள் முதலாளியின் செலவைப் பகிர்ந்தார்கள். இது வளர்த்தவனின் உழைப்பைப் பகிர்கிறது.

எனக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிங்கப்பூர் வேலைக்கு மாதம் 5,000 டாலர். ஒரு வருடச் சம்பளம் 60,000. அதை என் விற்பனை விலை என்று வைத்துக்கொண்டால் ஐந்து விழுக்காடு 3,000 டாலர். பள்ளிக்கணக்காகப் பிரித்தால், பன்னிரண்டு வயதில் நான் ஆறாம் ஆண்டு. அதாவது, ஆனா ஆவன்னாவிலிருந்து பெருக்கல் வாய்ப்பாடுவரை எல்லாம் கற்றுக்கொடுத்த தமிழ்ப்பள்ளிக்கு ஃபீஃபா கணக்கில் ஒரே ஒரு ஆண்டுதான் சேரும். கால் விழுக்காடு, 150 டாலர். பல்கலைக்கழகத்துக்கு ஐந்து ஆண்டு, இரண்டரை விழுக்காடு, 1,500 டாலர். யார் எவ்வளவு செய்தார்கள் என்பதற்கு நேர்தலைகீழ். ஆறு வயதுக் குழந்தையைப் பெஞ்சில் உட்கார வைத்த டீச்சருக்கு எந்த விதியிலும் பங்கில்லை. பெற்றோருக்கும் இல்லை. விதியைக் குறை சொல்ல வரவில்லை, எங்கேயோ ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். பிறகு மாமாவின் அணியைக் கிளப்பாக வைத்துப் போட்டேன். 12லிருந்து 17வரை ஆறு ஆண்டு. இரண்டு விழுக்காடு. 1,200 டாலர், நம்ம காசில் சுமார் 4,000 வெள்ளி.

அந்த எண்ணைப் பார்த்ததும் ஒரு நிம்மதி வந்தது. உடனே அந்த நிம்மதிமேலே சந்தேகமும் வந்தது. கட்டிவிட்டால் தீர்ந்துபோகும் என்றால் அது கடன். இது அந்த மாதிரிதானா?

இதோடு சேர்த்து இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் கசந்தது அதுதான். ஒரு கிளப் 10 கோடிக்கு ஆளை வாங்கி ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டால், கணக்குப் புத்தகத்தில் ஆண்டுக்கு 2 கோடி செலவாக எழுதுவார்கள். இரண்டாண்டு கழித்து விற்றால் புத்தக மதிப்பு 6 கோடி, அதற்கு மேல் வருவதுதான் லாபம். ஆனால் சொந்தப் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த பையனுக்குப் புத்தக மதிப்பு சுழியம். விற்றால் வருவது முழுக்க லாபம். பிரிமியர் லீக்கில் நட்டத்துக்கு உச்சவரம்பு இருந்ததால், கையைக் கடித்தபோது கிளப்புகள் முதலில் பார்த்தது வீட்டுப் பிள்ளைகளைத்தான். மேசன் மவுண்ட் ஆறு வயதில் செல்சிக்கு வந்தவர். 2023இல் விற்றார்கள். கோனர் கெலகரும் சின்ன வயதிலேயே அங்கே சேர்ந்தவர். 2024இல் விற்றார்கள். வெளியே வாங்கியவன் மதிப்புள்ளவன், வீட்டில் வளர்ந்தவன் சுழியம். யாரும் கெட்ட எண்ணத்தோடு எழுதிய விதியில்லை இது. கணக்கு அப்படி விழுகிறது. அப்பா 38 ஆண்டு தேயிலை ஆலையில் இலை வாட்டும் பகுதியில் வேலை செய்து 60 வயதில் ஓய்வு பெற்றபோது, வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த கடிதமும் மரியாதையாகத்தான் எழுதப்பட்டிருந்தது. வீடு வேலைக்காரருக்கு, வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. என் பெயரில் கடன் எடுத்துத் தாப்பாவில் வீடு வாங்கி இறக்கினோம். அப்பா இப்போதும் காலையில் நாலரைக்கு எழுந்துகொள்கிறார்.

எனக்கு இப்போது தோன்றுவதைச் சொல்கிறேன். நண்பன் சூப்பர்மார்க்கெட் என்று சொன்னது தப்பு. அதற்குக் காரணம் 1997. நான் பிறந்த ஆண்டு அது. பிரைட்டனின் கோல்ட்ஸ்டோன் திடலை அன்றைய நிர்வாகம் கடைத்தொகுதி கட்டுவதற்காக அதற்கு முன்பே விற்றிருந்தது. வேறு திடல் தயார் செய்யவில்லை. ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். மற்ற கிளப்புகளின் ரசிகர்கள்கூட அவர்கள் பக்கம் வந்து நின்றார்கள். அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் ஹெரிஃபோர்டில் சமநிலை கண்டுதான் கிளப் லீக்கில் ஒட்டிக்கொண்டது. இரண்டு ஆண்டு எழுபது மைல் தள்ளி கில்லிங்ஹாமில் போய் "சொந்தத் திடல்" ஆட்டம் ஆடினார்கள். பிறகு 2011வரை ஓர் ஓட்டப்பந்தயத் திடலில். அதன்பின் ப்ளூமின் பணத்தில் புதிய அரங்கம் வந்தது. அவருடைய தாத்தாவும் அதே கிளப்பின் நிர்வாகத்தில் இருந்தவர்.

அந்த ரசிகர்கள் ஆட்டக்காரனை விற்றதற்காகத் தெருவில் இறங்கவில்லை. திடலை விற்றதற்காக இறங்கினார்கள். கைசெதோவை விற்று வந்த காசு பலேபாவாக, பயிற்சிக்கூடமாக அதே ஊரில் இறங்குகிறது. திரும்பிப் போட ஓர் இடம் இருப்பதால்தான் விற்பது சூப்பர்மார்க்கெட் ஆகாமல் இருக்கிறது. இல்லாவிட்டால் அது வெறும் கலைந்து போவதுதான்.

நம் நாட்டில் இதற்கு நல்ல உதாரணமும் கெட்ட உதாரணமும் ஒரே கிளப்பில் இருக்கிறது. மிஃபா. இந்திய இளைஞர்களுக்கு வாய்ப்புக் கொடுக்க வந்த அணி. 2017இல் பிரிமியர் லீக்கில் ஆடியது.  2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக். கடைசிப் பருவத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் ஆடினார்கள். சாய்ந்தரம் அந்த ஆட்டங்களைப் பார்க்கும்போது அறிவிப்பாளர் நம் பெயர்களைத் தடுமாறி உச்சரிப்பதே எனக்குச் சந்தோஷமாக இருக்கும். 2022 பருவத்தோடு விலகிவிட்டது. ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு கிளப்புக்குப் போனார்கள். யாருடைய விலையும் யாருக்கும் திரும்பி வரவில்லை, திரும்பி வர முகவரியே இல்லை. இதில் இந்தியர் கிளப் என்பது ஒரு காரணமில்லை. மலேசியக் கோப்பையைப் பலமுறை வென்ற எங்கள் பகாங் அணியே 2025இல் சூப்பர் லீக்கிலிருந்து விலகிவிட்டது. மாநில அரசின் பணத்தையும் ஆதரவாளரின் பணத்தையும் நம்பி ஓடிய நம் கிளப்புகளுக்கு ஆளை வளர்த்து விற்கும் பழக்கமே வரவில்லை. சம்பளப் பாக்கிதான் வந்தது.

எங்கள் தோட்டம்? நாங்கள் நூறு பேராவது வெளியே போயிருப்போம். எஞ்சினியர், நர்ஸ், லாரி முதலாளி, ஒரு வக்கீல். இதைத்தான் முன்னேற்றம் என்று மேடையில் சொல்கிறார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் திடல் எங்களுடையது இல்லை. வீடும் இல்லை. கோயில் நிலம்கூட எழுத்தில் எங்களுடையது இல்லை. ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புக்கும் கோல்ஃப் திடலுக்கும் விற்கப்பட்டபோது கீழே சமவெளியில் இருந்த நம் மக்கள் இதைத்தான் கண்டார்கள். மலையில் தேயிலை பிழைத்துக்கொண்டதால் எங்களுக்கு அது மெதுவாக நடந்தது. நாங்கள் காலி செய்த லயங்களில் இப்போது நேப்பாளிகளும் வங்காளதேசிகளும் இருக்கிறார்கள். இருவர் சேர்ந்து பிடிக்கும் இயந்திரத்தால் நிரை நிரையாக அறுவடை செய்கிறார்கள். ஆள் போனால் அடுத்த ஆள், அடுத்த நாட்டிலிருந்து. மறுமுதலீடு நடக்காமல் இல்லை. அந்தப் புத்தகத்தில் நாங்கள் உரிமையாளர் பக்கம் இல்லை, அவ்வளவுதான்.

சிங்கப்பூர்க் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வீட்டுக் கடன் இருக்கிறது, தங்கையின் படிப்பு இருக்கிறது. அதில் தத்துவம் எதுவும் இல்லை. போட்ட அன்று சாய்ந்தரம் மாமாவுக்குப் போன் செய்தேன். அவருக்கு இன்னும் இரண்டு ஆண்டு வேலை இருக்கிறது, அதுவரை வீடும் இருக்கிறது.

"பசியாறிட்டீங்களா மாமா?"

"ஆச்சுடா. என்னா, சிங்கப்பூராமே? ஒங்கப்பா சொன்னாரு. நல்லது. போ."

திடல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். புல் மண்டிப் போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடக்கிறது என்றார். நேப்பாளிப் பையன்கள். பந்து என்றால் உயிராம் அவர்களுக்கு. நம்ம பள்ளியில் மிச்சமிருக்கும் நாலைந்து பிள்ளைகளையும் ஓராங் அஸ்லிப் பையன்களையும் சேர்த்துக் கலந்து ஆட விடுகிறாராம்.

"ஒருத்தன் இருக்கான்டா, எடது கால். ஒன்னயவிட நல்லா ஆடுறான். என்னா பண்றது, பெர்மிட் அடுத்த வருஷம் முடியுது. போயிருவான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா அப்புறம். வேற எவனாவது வருவான்ல."

நான் தயங்கித் தயங்கி அந்த 4,000 வெள்ளிக் கதையைச் சொன்னேன். ஃபீஃபா, விழுக்காடு, ஆறு ஆண்டு எல்லாம். அவருக்குப் பாதி புரியவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு, "காசு வேணாம்டா, காச வச்சிக்கிட்டு நான் என்னா பண்றது" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. லாரி எஞ்சின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"கோல் வலை ரெண்டும் கிழிஞ்சி கெடக்கு. அந்தப் பயலுங்க ஆலைக்குப் போற அதே பூட்ஸோட ஆடுறானுங்க, பிள்ளைங்க காலு மேல மிதிச்சா என்னா ஆவுறது. நான் சைஸ் எழுதி வாட்ஸ்அப்புல போடுறேன்."

இரவு பத்து மணிக்கு வந்தது. தோட்டத்துச் சம்பளச் சீட்டின் பின்புறத்தில் பேனாவால் எழுதிப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். பதினேழு பெயர்கள், எதிரே அளவுகள். பாதிப் பெயர்களை எனக்கு வாசிக்கத் தெரியவில்லை.